கிழக்குப் பக்கத்து மணல்

ஜூன் 10, திங்கள்

சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி. ஜனவரி முதல் இன்று வரை வெறும் தாள். முதல் பக்கத்தில் மட்டும் கோமதியின் கையெழுத்தில் மாத்திரைப் பட்டியல்: காலை ஒன்று, மாலை ஒன்று, ஊறுகாய் கூடாது. "வைத்திலிங்கம், வயது ஐம்பத்தைந்து" என்று மேலே எழுதியிருந்தால் என் முழு வரலாறும் அந்த ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

இன்று புது இடத்தில் சேர்ந்தேன். சென்னை, பாலவாக்கம் தாண்டிக் கடலுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஒரு மணல்காடு. பதினான்கு மாடி எழுப்பப் போகிறார்கள். கீழே இரண்டு தளம், கார்கள் நிற்பதற்கு. கார் நிற்க இருபத்தாறு அடி தோண்ட வேண்டும். ஆறு அடியிலேயே தண்ணீர் எட்டிப் பார்க்கிறது. மிச்ச இருபது அடிக்குத்தான் என்னை வரவழைத்திருக்கிறார்கள்.

மேனேஜர் நிரஞ்சன், ஈரோட்டுப் பிள்ளை. என் மகன் வயது இருக்கும். "உங்களப் பத்தி நிறையச் சொன்னாங்க. தண்ணி உங்க பேச்சக் கேக்குமாமுங்களே?" என்றார்.

"முப்பது வருஷமா கேட்டுகிட்டுத்தான் இருக்கு தம்பி" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கடல் மாதிரித் தண்ணீரை அடக்கி வைத்த கை இது.

மெஸ் சாப்பாடு சுமார். ரசம் நன்றாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

குழியைச் சுற்றிப் பன்னிரண்டு குழாய்க் கிணறு. ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார். சுற்றிலும் இருந்து இறைத்துக்கொண்டே இருந்தால் நடுவில் தண்ணீர் மட்டம் இறங்கும், குழி காய்ந்து கிடக்கும், உள்ளே இறங்கி வேலை செய்யலாம். நிறுத்தினால் மூன்று மணி நேரத்தில் குளம். தொழிலே இவ்வளவுதான். ஆனால் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும், மண்ணை எடுக்கக் கூடாது. அதற்காகத்தான் குழாயைச் சுற்றிப் பொடிக் கூழாங்கல் கொட்டுவது. அது சல்லடை. தண்ணீரை விடும், மணலைப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்பது கிணற்றுக்குத்தான் பொடிக்கல் வந்தது. கிழக்குப் பக்கத்து ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வரவில்லை. வருவதற்குப் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள் என்ற சொல்லைக் கேட்டதும் நிரஞ்சன் முகம் இஞ்சி தின்ற மாதிரி ஆகிவிட்டது. கையில் இருக்கிற முக்கால் அங்குலப் பெரிய ஜல்லியைக் கொட்டிவிட்டு, குழாய்க்கு இரண்டு சுற்று நைலான் கொசுவலை கட்டச் சொன்னேன். யோசனை என்னுடையதுதான். மோட்டார் ஓட்டும் முனிரத்தினம் சிரித்தான்.

"இன்னா சார், குழாயக் கொசு கடிச்சிருமா?"

எல்லோரும் சிரித்தோம்.

ஜூன் 19, புதன்

காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டும் ஓடின. மாலைக்குள் நான்கு அடி இறங்கியது. நிரஞ்சன் கை கொடுத்தார்.

என் வழக்கப்படி பாட்டில் வைத்தேன். ஊறுகாய் தீர்ந்த கண்ணாடி பாட்டில். குழாய் வாயில் பிடித்த தண்ணீரை அதில் ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்தால், மணல் வருகிறதா என்று அடியில் தெரிந்துவிடும். சுரங்கத்தில் கற்றது. தினமும் பாட்டில் பார்த்து ரெஜிஸ்டரில் ஒரு சொல் எழுத வேண்டும்: தெளிவு, அல்லது கலங்கல். இன்று அடியில் ஒரு விரலில் கால்வாசி உயரத்துக்கு மணல். ஆரம்பத்தில் அப்படித்தான் வரும், நாலு நாளில் நின்றுவிடும். கலங்கல் என்று எழுதினேன்.

ஜூன் 22, சனி

மழைநீர் வடிகாலில் மணல் விழுகிறது என்று ஓர் அதிகாரி வந்து சத்தம் போட்டார். நியாயம்தான். ஒரே நாளில் இரும்புத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். பத்தடி நீளம், நாலடி ஆழம். பன்னிரண்டு குழாயும் தொட்டியில் விழும், மணல் அடியில் தங்கும், மேலே வழியும் தண்ணீர் மட்டும் வடிகாலுக்குப் போகும்.

அதிகாரி பார்ப்பது தொட்டியின் வெளிவாயைத்தான். ஆகவே பாட்டிலையும் இனி அங்கேயே பிடிக்கலாம் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு குழாயிடமும் போய்க் குனிய வேண்டியதில்லை. இடுப்புக்கும் நல்லது.

இன்றைய பாட்டில் பன்னீர் மாதிரி இருக்கிறது. தெளிவு.

ஜூன் 26, புதன்

கிழக்கு வேலியை ஒட்டி ஒரு ஓட்டு வீடு, பின்னால் தளம் போட்ட ஒற்றை அறை. அந்த வீட்டுப் பெண்மணி வந்தார். பரிமளம். ஐம்பது வயது இருக்கும், புடவைத் தலைப்பில் உளுந்து மாவு. வீட்டில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்கிறார்.

"சார், கெணத்துல தண்ணி இல்ல சார். கயிறு முழுக்க விட்டாலும் வாளி தரையில தட்டுது. இருபத்தியாறு வருசத்துல இப்புடி ஆனதே இல்ல."

நாங்கள் இறைத்தால் பக்கத்துக் கிணறு வற்றத்தான் செய்யும். மண்ணுக்குள் வேலி கிடையாது. ஆனால் அதற்காக ஒருவர் பிழைப்பில் மண் விழக் கூடாது அல்லவா? ஏழாம் கிணற்றுக் குழாயிலிருந்து ஒரு ஹோஸைப் பிரித்து நேராக அவர் வீட்டுத் தொட்டிக்கு விட்டேன். நிரஞ்சனிடம் கேட்கவில்லை.

கை எடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் கைக்குள் இருக்கும் தண்ணீர்தானே.

ஜூன் 27, வியாழன்

பரிமளம் ஒரு தூக்கு நிறைய மாவு கொடுத்தனுப்பினார். மெஸ்காரர் தோசை சுட்டார். தெளிவு.

ஜூலை 1, திங்கள்

"சார், கோச்சுக்காதீங்க. மாவு நறநறங்குது. நாலு வீட்டுல திருப்பிக் குடுத்துட்டாங்க" என்று பரிமளம் வந்து நின்றார்.

நானும் அன்றைக்குத் தோசையில் உணர்ந்தேன். உளுந்தில் கல் என்று நினைத்துக்கொண்டேன். துணி கட்டிப் பிடியுங்கள் என்றேன். துணி கட்டியும் நிற்கவில்லையாம், அவ்வளவு பொடி. சரி என்று ஹோஸை ஏழாம் குழாயிலிருந்து கழற்றித் தொட்டியின் வெளிவாயில் மாட்டிவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது. எதற்கும் ஒரு வழி உண்டு, மூளையைக் கொஞ்சம் கசக்க வேண்டும்.

பாட்டில் தெளிவு. மாத்திரை மறந்துவிட்டது, இரண்டு வேளை.

ஜூலை 6, சனி

தொட்டியில் மணல் நிரம்பிவிட்டது. போன வாரம் ஒருமுறை அள்ளினோம், இப்போது ஐந்தே நாளில் மறுபடி. என்ன அருமையான மணல்! வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் நழுவுகிறது. இந்தக் காலத்தில் ஆற்று மணலைக் கண்ணால் பார்க்க முடிகிறதா? கொத்தனார்கள் போட்டி போட்டுக்கொண்டு பூச்சு வேலைக்கு எடுத்துப் போனார்கள். வைத்தி சார் தண்ணிக்குள்ள இருந்து மணல் எடுக்கிறாரு என்று ஒரே கேலி. நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

குழி பதினெட்டு அடி. அடிமண் காய்ந்து, நடக்கிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

எட்டாம் மோட்டார் இழுக்கவில்லை. வெளியே எடுத்துப் பிரித்தோம். உள்ளே சுழலும் விசிறியின் ஓரம் எல்லாம் தேய்ந்து பிளேடு மாதிரி இருக்கிறது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. விற்றவனைப் போனில் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். போலிச் சரக்கு என்றேன். அவன் கடைசியில் மெதுவாக, "சார், மணல் ஏதும் இழுக்குதான்னு பாத்தீங்களா?" என்றான்.

எனக்கே பாடம் எடுக்கிறான். பாட்டிலைப் போட்டோ பிடித்து அனுப்பினேன். வேறு மோட்டாரை வாங்கி இறக்கினேன்.

ஜூலை 15, திங்கள்

பரிமளம் மறுபடி வந்தார். கேட்கத் தயங்கினார்.

"ஒரு பத்து சட்டி மணல் கெடைக்குமா சார்? அவரு படுத்திருக்கிற ரூம் செவுத்துல வெடிப்பு வுட்டிருக்கு. சிமெண்டு இருக்கு, மணலுதான் இல்ல. உங்க தொட்டியில நல்ல மணல் வருதுன்னு சொன்னாங்க."

பத்து என்ன, இருபது சட்டி போடச் சொன்னேன். அப்போதுதான் அள்ளி வைத்திருந்த மணல், ஈரம்கூடக் காயவில்லை. முனிரத்தினமே சுமந்து போய்க் கொட்டினான். நானும் கூடப் போய்ப் பார்த்தேன்.

பின்பக்க அறை. எங்கள் வேலியிலிருந்து எட்டடிகூட இருக்காது. கட்டிலில் அவருடைய வீட்டுக்காரர் தணிகாசலம். இரண்டு வருடமாக இடப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி. வலது கையில் ஒரு தடி. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் தரையில் தட்டுகிறார். அவர் தலைமாட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை கோணலாக ஒரு வெடிப்பு. விரல் நுனி போகிறது.

"பழைய வூடு சார். அப்பப்ப வுடும்" என்றார் பரிமளம்.

ஆமாம், பழைய வீடு.

ஜூலை 16, செவ்வாய்

வெடிப்பைப் பூசி முடித்துவிட்டார்கள். பரிமளமே கரணை பிடித்துத் தேய்த்தாராம், கொத்தனாருக்குக் குறையாத வேலை. நான் அதன் மேல் குறுக்காக ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தேன். சுவர் நகர்ந்தால் முதலில் கண்ணாடி உடையும். சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்கு.

"இன்னாத்துக்கு சார் கண்ணாடி?"

"ஈரம் காயுதான்னு பாக்கறதுக்கும்மா" என்றேன். அப்படி ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

கண்ணாடி பார்க்கப் போனேன். முழுசாக இருக்கிறது. பரிமளம் காபி கொடுத்தார், சர்க்கரை இல்லாமல். என் மாத்திரைக் கதையெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மிஞ்சிய மணல் அறை வாசலில் குவித்துக் கிடந்தது. தணிகாசலம் தடியால் அதைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். பரிமளம் ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மனிதர் கட்டை விரலால் அதை வெகுநேரம் தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வாய் ஒரு பக்கம் கோண, "நம்ம... கெணத்து... மண்ணு" என்றார்.

பரிமளம் சிரித்தார். "இருவது வருசம் மணல் லாரி ஓட்டுனாரு சார். எதப் பாத்தாலும் அவருக்கு மண்ணுதான். எங்க கெணறு வெட்டுறப்ப வந்த மண்ணு மாதிரி கீதுங்கிறாரு."

கடற்கரை மணல் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். அதைத்தான் நானும் சொன்னேன். தணிகாசலம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, திங்கள்

கண்ணாடி உடைந்திருக்கிறது. கதவு இடித்திருக்கும். பூச்சு அப்படியே இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பக்கத்தில் வேறு இடத்தில் புதிதாக ஒன்று ஓடுகிறது.

அந்த அறைக் கதவு இப்போது மூடவில்லையாம், தரையில் உரசுகிறதாம். மழைக்கு மரம் ஊதிவிடும் என்றேன். மழையே பெய்யவில்லை என்று பரிமளம் சொல்லவில்லை.

புதுக் கண்ணாடி ஒட்டினேன்.

ஜூலை 23, செவ்வாய்

உடைந்துவிட்டது. பாட்டில் தெளிவு.

ஜூலை 25, வியாழன்

தொட்டியை இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் அள்ளுகிறோம். அள்ளிய மணல் எல்லாம் எவ்வளவு இருக்கும் என்று முனிரத்தினத்திடம் விளையாட்டாகக் கேட்டேன். அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒம்போது லாரி வரும் சார். நானும் கேக்கணும்னே இருந்தேன். இந்த மண்ணு எங்கருந்து சார் வருது?"

"பூமியிலருந்துடா" என்றேன்.

"பூமியிலன்னா எங்கன்னு கேட்டேன் சார்."

அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏழாம் கிணற்றுக்குப் போனேன். குழாய் வாயில் பிடித்தேன். என் அறையில் ஜன்னல் திண்டில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. வேறு பாட்டில்களில் பிடித்த எட்டும் அதேதான், ஒன்பதும் அதேதான். இரண்டு விரல் மணல்.

மற்ற ஒன்பது கிணறும் பளிங்கு. முப்பத்திநாலு நாளாக நான் தொட்டி வாயில் பிடித்துத் தெளிவு, தெளிவு என்று எழுதியிருக்கிறேன். தொட்டி இருப்பதே மணலைப் பிடித்துவைக்கத்தான். சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவன்கூடச் செய்ய மாட்டான்.

ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் கிழக்கு வேலியில் இருக்கின்றன. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஏழாம் கிணற்றுப் பாட்டிலை மூடி போட்டு இறுக்கித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ரெஜிஸ்டரில் இன்றைக்கும் தெளிவு என்றே எழுதிவிட்டேன். கை பழக்கம்.

ஜூலை 26, வெள்ளி

நிரஞ்சனிடம் சொன்னேன். மூன்று கிணற்றையும் நிறுத்தி, வேறு இடத்தில் துளைத்து, பொடிக்கல் போட்டு ஒழுங்காகச் செய்ய வேண்டும், பத்து நாள் ஆகும் என்றேன். அதுவரை குழியில் தண்ணீரை ஏறவிட வேண்டும். தண்ணீர் ஏறினால் மண் நகராமல் நிற்கும். சுரங்கத்தில் எங்களுக்கு முதல் பாடமே அதுதான்: மேலே உயிர் இருந்தால் தண்ணீரை விட்டுவிடு, வேலை போனால் போகட்டும்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ரெஜிஸ்டரை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதுல எல்லா நாளும் தெளிவுன்னு இருக்குதுங்களே. உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமா தம்பி."

"நேத்தும் தெளிவுதானுங்க."

ரெஜிஸ்டரை மூடி என் பக்கம் தள்ளினார்.

"திங்கக்கிழமை அடித்தளக் கான்கிரீட்டுங்க சார். கம்பி கட்டி முடிஞ்சுருச்சு. கான்கிரீட் போட்டுட்டா கிழக்குப் பக்கம் மூணையும் நீங்களே நிறுத்திக்குங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இன்னிக்கு நிறுத்தினா நான் என்னன்னு எழுதுறது? ரெஜிஸ்டர் பொய்யின்னு எழுதறதுங்களா? மூணு நாளுங்க. மூணே நாளு."

மூன்று நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 27, சனி

காலையிலேயே பரிமளம் வீட்டுக்குப் போனேன். அந்த அறை வாசலில் தரை ஒரு விரல் இறங்கியிருக்கிறது. உருட்டிவிட்டால் பந்து தானாக வேலிப் பக்கம் ஓடும்.

"ஒரு மூணு நாலு நாளைக்கு வேற எங்கயாவது இருந்துட்டு வாங்கம்மா. அவரையும் கூட்டிக்கிட்டு."

"ஏன் சார்?"

நேராகக் கேட்டார். நேராகச் சொல்ல வேண்டிய இடம். வாயில் வந்தது இதுதான்: "திங்கக்கிழமை கான்கிரீட் வேலை. ஒரே சத்தமா இருக்கும். புழுதி. அவருக்கு ஆகாது."

"அவரு லாரிச் சத்தத்துலயே வாழ்ந்தவரு சார்" என்றார் சிரித்துக்கொண்டே. "அவரத் தூக்க நாலு ஆளு வேணும். என் தங்கச்சி வூடு மாடியில. திங்கள், செவ்வாய் கல்யாண ஆர்டர் வேற, முப்பது கிலோ மாவு." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வது போல, "நீங்க பக்கத்துல கீறீங்களே சார், எங்களுக்கு இன்னா பயம்?"

"சரி, கட்டிலையாவது முன்னறைக்கு மாத்துங்கம்மா. நான் ஆளு அனுப்புறேன்" என்றேன்.

"முன்னறையில கிரைண்டரு, மாவு டப்பாங்க. திங்கக்கிழமை ஆர்டரு போனதும் மாத்திரலாம் சார்."

தணிகாசலம் கண்ணை மூடித் தூங்குவது போல இருந்தார். தடி மட்டும் ஒருமுறை தரையில் தட்டியது.

வேலி தாண்டி வந்ததும் மாத்திரை போட்டுக்கொண்டேன். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கும்.

ஜூலை 28, ஞாயிறு

ஆள் இல்லாத நாள். குழிக்குள் கம்பிக்காடு மட்டும். முனிரத்தினம் சாப்பிடப் போன நேரம் மின்பலகை முன்னால் போய் நின்றேன். பெரிய சுவிட்ச் ஒன்று. இறக்கினால் பன்னிரண்டும் நிற்கும், இருட்டுவதற்குள் குழி நிறையும், கம்பியெல்லாம் மூழ்கும், நாளைக் கான்கிரீட் நடக்காது. என்னைத் துரத்துவார்கள். வழக்கு போடுவார்கள். ஐம்பத்தைந்து வயதில் கோமதியிடம் போய், கொசுவலை கட்டினேன், பாட்டிலைத் தப்பான இடத்தில் பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் சிரிக்கும். தண்ணீர் என் பேச்சைக் கேட்கும் என்று முப்பது வருடம் சொல்லித் திரிந்தவன்.

சுவிட்சில் கை வைத்தேன். சூடாக இருந்தது. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை.

"இன்னா சார், சோறு துன்னலியா?" என்று முனிரத்தினம் கேட்டான்.

கையை எடுத்தேன். சாப்பிட்டேன். மெஸ்ஸில் இன்று கோழி.

ஜூலை 29, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் தொடங்கியது. பாட்டில் வைத்தேன், தொட்டி வாயில்தான். தெளிவு என்று எழுதினேன்.

ஒன்பது நாற்பதுக்குப் பரிமளம் வீட்டுத் தளத்தின் மேல் இருந்த தண்ணீர் டிரம் சாய்வதைப் பார்த்தேன். பெரிய சத்தம் எதுவும் இல்லை. அந்த ஒற்றை அறை அப்படியே உட்கார்ந்தது, களைத்துப் போன ஆள் உட்கார்வது மாதிரி. பிறகு தளம் உள்ளே விழுந்தது. பரிமளம் கல்யாண மாவு கொடுக்கத் தெருக்கோடிக்குப் போயிருந்தார்.

நானும் முனிரத்தினமும்தான் முதலில் ஓடினோம். வெறுங்கையால் கல்லை இழுத்தோம். உள்ளே தடி தட்டும் சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் இருக்கும். அதற்குப் பிறகு கேட்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது பதினொரு மணி.

போலீஸ் வந்து நிறுத்தும் வரை பின்னால் கான்கிரீட் லாரிகள் வந்துகொண்டே இருந்தன.

ஜூலை 30, செவ்வாய்

கோமதி போன் செய்தாள். மாத்திரை போட்டேனா என்று கேட்டாள். போட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விசாரணை. சைட் ஆபீசிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். வந்த பொறியாளர் மரியாதையான மனிதர். ரெஜிஸ்டரை முழுக்கப் படித்தார். ஜூன் இருபத்திரண்டு முதல் ஜூலை இருபத்தொன்பது வரை முப்பத்தெட்டுத் தெளிவு. "இவ்வளவு ஒழுங்கா நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார். ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி கையெழுத்து வாங்கிக்கொண்டார். போட்டேன்.

என் பை மடியில் இருந்தது. பைக்குள் துணி சுற்றிய பாட்டில். காலையில் பெட்டியிலிருந்து எடுக்கும்போது, இன்று இதை மேசை மேல் வைத்துவிடுவேன் என்றுதான் எடுத்தேன். இதை நான் உண்மையாகவே நினைத்தேன்.

பரிமளத்தைக் கூப்பிட்டார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. கம்பெனி பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"கம்பெனியப் பத்தி எனக்கு இன்னா தெரியும் சார். இந்த சார்தான் கெணறு வத்துனப்பத் தண்ணி வுட்டாரு. செவுரு வெடிச்சப்ப மணல் குடுத்தாரு. ரெண்டு நாள் முன்னால வந்து, வேற எடத்துக்குப் போங்கம்மான்னு சொன்னாரு. நான்தான் கேக்கல." அழுதார். "மாவு ஆர்டருன்னு நான்தான் கேக்கல சார்."

நிரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரியாதையாகப் பார்த்தார்கள்.

பையின் ஜிப்பில் விரல் இருந்தது. எடுக்கவில்லை.

பழைய வீடு, ஆழமில்லாத அஸ்திவாரம் என்று அறிக்கை போகும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எட்டு நாளாக மோட்டார் ஓடவில்லை. உத்தரவு வரும் வரை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். குழி நிறைந்து நிற்கிறது, பழையபடி தரைக்கு ஆறடி கீழ் வரை ஏறிவிட்டது. நீலமாக, பார்க்க அழகாக இருக்கிறது. முனிரத்தினம் நேற்று வேலையை விட்டுப் போனான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்று தணிகாசலத்தின் பதினாறாம் நாள். போகாமல் இருக்க முடியுமா? போனேன். முன்பகுதி ஓட்டு வீடு மட்டும் நிற்கிறது. சாப்பாடு முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பரிமளம் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"கெணத்துத் தண்ணி சார். திரும்ப வந்துடுச்சி. எல்லாம் முடிஞ்சப்புறம்" என்றார்.

குடித்தேன். இனிப்பாக இருந்தது.

பின்பக்கம் கூட்டிப் போனார். இடிபாடு அள்ளிய குழி. ஓரத்தில் சுவரின் ஒரு துண்டு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர் கரணை பிடித்துப் பூசிய துண்டு.

"பாருங்க சார். நீங்க குடுத்த மணல்ல பூசுன எடம் மட்டும் வுடவே இல்ல" என்று அதைத் தடவிக் காட்டினார்.

இப்போது சொல் என்று எனக்குள் கேட்டது. அங்கே யாரும் இல்லை. அம்மா, கொசுவலை கட்டியது நான், பாட்டிலைத் தப்பாகப் பிடித்தது நான், சுவிட்சிலிருந்து கையை எடுத்தது நான் என்று வரிசையாக மனத்தில் அடுக்கிக்கொண்டேன்.

அதற்குள் அவர் வேப்பமரத்தடியைக் காட்டினார். சாக்கு போட்டு மூடிய சின்னக் குவியல்.

"பூசுனது போவ ஆறேழு சட்டி மிச்சம் இருக்கு சார். உங்க கம்பெனி மணலு. அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்கு, எடுத்துட்டுப் போயிருங்க."

சாக்கை விலக்கினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வேணாம்மா. அது உங்களோடதுதான்" என்றேன்.

அவர் கண் நிறைந்துவிட்டது. "உங்க மனசு யாருக்கு சார் வரும்" என்று இரண்டு கையையும் கூப்பினார்.

நானும் கும்பிட்டேன். வேலியைச் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தேன். பாட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டேன்.